டாக்டரம்மாவின் சீட்

அந்த வெள்ளை வண்டி பட்டறைக்குள் வந்தபோது மதியம் இரண்டு மணி. சாப்பாட்டு நேரத்திலேயே பிடித்துக்கொண்ட மழை இன்னும் விடவில்லை. சிமென்ட் தரையில் ஈரத்தடம் போட்டபடி வந்து மூன்றாவது மேடைக்கு முன்னால் நின்றது. முன்பக்கம் புதுப் பெயின்ட், புது விளக்கு, புது பம்பர். பின்பக்கத்தில் மட்டும் பழைய கீறல்கள் அப்படியே இருந்தன.

டீ குடித்துக்கொண்டிருந்த ஒட்டகத்தார் நம்பர் பிளேட்டைப் பார்த்ததும் தம்ளரைக் கீழே வைத்தார். அதற்குப் பிறகு அந்த டீயை அவர் தொடவில்லை.

அவருக்கும் ஒரு சொந்தப் பெயர் இருக்கத்தான் செய்தது. ஆறடி நாலங்குல உயரத்துக்கு முன்னால் அது எடுபடவில்லை, அவ்வளவுதான். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே ஒட்டகம் ஆகிவிட்டார். பதினான்கு வருடத்தில் அவருக்குக் கிடைத்த ஒரே பதவி உயர்வு, ஒட்டகம் ஒட்டகத்தார் ஆனது.

அவருடைய வேலை வண்டிகளை ஓட்டிப் பார்ப்பது. யாராவது வண்டியில் குறை சொல்லி வந்தால், அதில் ஒரு கருவியைச் செருகிக்கொண்டு, புறவழிச் சாலையில் இருபது கிலோமீட்டர் போய் வருவார். கருவியும் ஒன்றும் காட்டவில்லை, அவருக்கும் ஒன்றும் தட்டுப்படவில்லை என்றால் படிவத்தில் 'குறை காணப்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். அத்தோடு கதை முடிந்தது. வாடிக்கையாளர் அதற்கு மேல் வாய் திறக்க முடியாது.

ஆக்ஸிலரேட்டர் தானாக அமுங்குகிறது, காலை எடுத்தாலும் ஒரே வேகத்தில் ஓட்டும் க்ரூஸ் கன்ட்ரோல் போட்ட வேகத்தை விடமாட்டேன் என்கிறது என்று வருபவர்களுக்குப் பட்டறையில் தனிப் பெயரே உண்டு. பேய்க் கேஸ். பத்தில் ஒன்பது பேய், நழுவிப்போய் பெடலை அழுத்திக்கொண்டிருக்கும் கால்மிதிதான். அதை இழுத்து வெளியே போட்டால் பேய் ஓடிவிடும். ஆகவே சிரிப்பதற்கு அவர்களுக்கு நியாயம் இருந்தது.

எந்த வண்டியில் ஏறினாலும் ஒட்டகத்தார் செய்யும் முதல் காரியம் ஒன்று உண்டு. சீட்டுக்கு அடியில் கையை விட்டு, அங்கிருக்கும் இரும்புக் கம்பியைத் தூக்கி, சீட்டை அடியில் உள்ள தண்டில் பல் பல்லாகக் கடைசி வரை பின்னால் தள்ளுவார். டக், டக், டக், டக். அதன் பிறகுதான் கதவையே மூடுவார். அவ்வளவு நீளக் காலை வைத்துக்கொண்டு வேறு என்ன செய்வார் மனுஷன்?

இந்த வெள்ளை வண்டியிலும் அதைத்தான் செய்தார். மூன்று முறை.

வண்டி ஒரு பல் டாக்டருடையது. ஐம்பது வயதுக்குக் கிட்டே இருக்கும். நாலே முக்கால் அடி உயரம் இருந்தால் அதிகம். கிட்டே வந்து பேசினால் கிராம்புத் தைல வாசனை அடிக்கும். முதல் முறை வந்தபோது மெதுவாகச் சொன்னார்.

"நான் மிதிக்கலைங்க. அதுவா போகுது."

ஒட்டகத்தார் கால்மிதியை எடுத்துப் போட்டுவிட்டு ஓட்டிப் பார்த்தார். குறை காணப்படவில்லை. இரண்டாவது முறை, க்ரூஸ் போடாமலே எண்பத்தெட்டு என்ற எண்ணோடு அதன் பச்சை விளக்கு எரிகிறது, பிரேக்கை மிதித்தாலும் அணைய மாட்டேன் என்கிறது என்றார் டாக்டரம்மா. குறை காணப்படவில்லை. மூன்றாவது முறை சாவியைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு ஒன்று கேட்டார்.

"சீட்டை என் இடத்துலயே வெச்சு ஓட்டிப் பாத்தீங்களா?"

"அது ஆகாதுங்க டாக்டரம்மா. முட்டி காதுக்கு வந்துடும்."

பட்டறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். டாக்டரம்மா சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. வாய்க்குள் பார்க்கிற மாதிரி தலையைச் சாய்த்து அவரையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பல் வலின்னு என்கிட்ட வர்றவங்க எந்தப் பக்கம்னு சொல்றாங்களோ, அந்தப் பக்கம்தான் நான் தட்டிப் பாப்பேன். எனக்கு வசதியான பக்கத்தைத் தட்டிட்டு, வலி இல்லைன்னு எழுதிக் குடுக்கமாட்டேன்."

ஒட்டகத்தார் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சீட்டைப் பின்னால் தள்ளி, ஓட்டிப் போய் வந்து, மூன்றாவது கையெழுத்தைப் போட்டார்.

பதினோராம் நாள் ஏரியோரத் திருப்பத்தில் அந்த வண்டி தடுப்புக் கம்பியில் போய் மோதியது. பெரிய மோதல் இல்லை. வேறு யாராக இருந்தாலும் கழுத்துப் பட்டையோடு வீட்டுக்குப் போயிருப்பார்கள். டாக்டரம்மா ஸ்டியரிங்கை ஒட்டி உட்கார்கிறவர். வெடித்து விரியும் காற்றுப் பைக்கும் அவருடைய நெஞ்சுக்கும் நடுவில் ஒரு கை அகல இடம்கூட இல்லை. பை நெஞ்சில் அடித்ததில் அங்கேயே போய்விட்டார்.

விசாரணை நடந்தது. மூன்று படிவங்களைப் பார்த்தார்கள், மூன்று கையெழுத்துகளைப் பார்த்தார்கள். பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலரேட்டரை மிதித்துவிட்டார் என்று எழுதி முடித்தார்கள். ஒட்டகத்தாரும் தலையாட்டிவிட்டு வந்தார். அது நடந்து நாலு மாதம் ஆகிறது. இன்று அந்த வண்டி பெயின்ட் அடிக்கும் இடத்திலிருந்து திரும்பி வந்திருக்கிறது.

சூப்பர்வைசர் படிவத்தை நீட்டினார். "டாக்டரம்மாவோட பொண்ணு அஞ்சு மணிக்கு வருது. வண்டியை அதுவே வெச்சுக்கப் போகுதாம். ஒரு ரவுண்டு போயிட்டு வந்து கையெழுத்தப் போட்டுடு."

"வேற யாரையாவது அனுப்புங்களேன்."

"மூணு தடவை நீ பாத்த வண்டி. நாலாவது தடவை வேற ஆள் பாத்தா ஏன்னு கேப்பாங்கய்யா."

ஒட்டகத்தார் போய்க் கதவைத் திறந்தார். சீட் முன்னால், கடைசிப் பல்லில் இருந்தது.

வண்டியைக் கொண்டுவந்து விட்ட பெயின்ட்டர் வாசலில் மழைக்கு ஒதுங்கி நின்றுகொண்டிருந்தார். தொந்தி உள்ளவர். அந்த இடுக்கில் அவருடைய ஒரு கால்கூட நுழைந்திருக்காது.

"சீட்டை எதுக்கு முன்னாடி தள்ளி வெச்சீங்க?"

"நானா? பின்னாடி தள்ளித்தானே உக்காந்து வந்தேன்." பெயின்ட்டர் எட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "உங்க ஆளுங்க யாராவது கை வெச்சிருப்பாங்க."

யாரும் வண்டிக்குக் கிட்டேகூடப் போகவில்லை. அது ஒட்டகத்தாருக்கே தெரியும். இருந்தாலும் கையை அடியில் விட்டார், கம்பியைத் தூக்கினார், பின்னால் தள்ளினார். டக், டக், டக், டக். மாட்டிக்கொண்டதா என்று இடுப்பை ஒரு ஆட்டு ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை.

புறவழிச் சாலையில் ஈ காக்கை இல்லை. மூன்று மணிதான் என்றாலும் மழையால் வெளிச்சம் மங்கிப்போய்ச் சாலைக்கும் வானத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. வைப்பர் இப்படியும் அப்படியும் போய் வந்தது. கருவியில் எல்லா எண்களும் ஒழுங்காக இருந்தன. அறுபது. எழுபது. பிரேக் நன்றாகப் பிடித்தது. க்ரூஸ் போட்டுப் பார்த்தார், பிரேக்கைத் தொட்டதும் விட்டுவிட்டது. இரண்டு தரம் பார்த்தார். பத்தாவது கிலோமீட்டரில் அவருக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. நாமாகத்தான் பயந்து சாகிறோம் என்று சொல்லிக்கொண்டு, ஏரி தெரிகிற பக்கமாக வண்டியைத் திருப்பினார்.

ஜன்னல்கள் மூடியிருந்தன. புதுப் பெயின்ட் நாற்றம்தான் இதுவரை அடித்துக்கொண்டிருந்தது. இப்போது அதற்கு அடியிலிருந்து வேறொரு வாசனை மெல்ல வந்தது. காரமும் கசப்புமாக, நாக்கின் ஓரத்தை மரத்துப்போக வைக்கிற வாசனை.

கிராம்பு.

ஏசியிலிருந்து வருகிறதோ என்று அதை அணைத்தார். வாசனை போகவில்லை. அணைத்ததால் மழைச் சத்தம் மட்டும்தான் கேட்டது. அந்தச் சத்தத்துக்கு நடுவில், அவருக்குக் கீழே, தெளிவாக ஒன்று கேட்டது.

டக்.

சீட் ஒரு பல் முன்னால் நகர்ந்தது.

சரியாக மாட்டவில்லை போலிருக்கிறது என்று நினைத்தார். நினைத்தாரே தவிர, முதுகுத் தண்டில் எறும்பு ஊர்ந்தது. இது மோட்டார் வைத்த சீட் இல்லை. அடியில் இருக்கும் கம்பியை ஒரு கை தூக்கினால்தான் நகரும். அவருடைய இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில் இருந்தன.

டக்.

இரண்டு காலையும் தரையில் ஊன்றி முதுகால் பின்னுக்குத் தள்ளிப் பார்த்தார். எண்பது கிலோ ஆள். சீட் அவரையும் சேர்த்து முன்னால் கொண்டுபோனது, அவசரமே இல்லாமல்.

டக்.

முட்டி இரண்டும் ஸ்டியரிங்கின் கீழ்ப் பக்கத்தில் இடித்தன. வலது கால் மடங்கிப் பெடலுக்கும் டாஷ்போர்டுக்கும் நடுவில் சிக்கியது. ஸ்டியரிங் நெஞ்சைத் தொட்டது.

டக்.

கடைசிப் பல்.

பச்சை விளக்கு எரிந்தது. பக்கத்தில் எண் வந்தது. எண்பத்தெட்டு.

அவருடைய கால் எந்தப் பெடலிலும் இல்லை. ஆனாலும் இன்ஜின் இரைந்தது. எழுபத்து நான்கு. எண்பது. எண்பத்தைந்து. மடங்கிய காலை எப்படியோ பிடுங்கி பிரேக்கை மிதித்தார். கொஞ்சம் பிடித்தது. விட்டு மறுபடி மிதித்தார். மூன்றாவது தரம் பெடல் கல்லாகிவிட்டது. இன்ஜின் முழு மூச்சில் ஓடும்போது பிரேக்கை விட்டு விட்டு மிதித்தால் அப்படித்தான் இறுகிப்போகும் என்பது அவருக்குத் தெரியும். புதிதாகச் சேருகிறவர்களுக்கெல்லாம் அவரே சொல்லியிருக்கிறார். தெரிந்த காலே அதைச் செய்தது என்றால் தெரியாத கால் என்ன செய்திருக்கும்?

பச்சை விளக்கு அணையவில்லை. எண்பத்தெட்டைத் தாண்டி முள் போய்க்கொண்டே இருந்தது.

திருப்பம் வந்தது. தடுப்புக் கம்பியில் ஒரு துண்டு மட்டும் புதிதாகப் பளபளத்தது.

"டாக்டரம்மா," என்றார் ஒட்டகத்தார். ஏன் கூப்பிட்டார் என்று அவருக்கே தெரியாது.

இடது கை கியரைத் தட்டியது. நியூட்ரல். இன்ஜின் பிடிப்பு விட்டுப்போய் வெறுமனே அலறியது. வண்டி ஈரத்தில் வழுக்கிக்கொண்டு போய், புதுக் கம்பிக்கு ஒரு முழம் முன்னால் ஓரமாக நின்றது. பொத்தானை அழுத்திப் பிடித்து இன்ஜினை அணைத்தார்.

வெளியே வருவதற்கு நெளிந்து வளைந்து ஒரு நிமிடம் ஆயிற்று. முட்டித் தோல் பிய்ந்து பேன்ட் நனைந்திருந்தது. மழையில் நின்று வாந்தி எடுத்தார். அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது. நியூட்ரலுக்குத் தள்ளுங்கள் என்று டாக்டரம்மாவிடம் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்வதென்றால் வண்டியில் குறை இருக்கலாம் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அதனால்தான் சொல்லவில்லை. மூன்று முறையும் சொல்லவில்லை.

கதவைத் திறந்து வைத்துச் சேற்றில் மண்டியிட்டார். சீட்டுக்கு முன்னால் இருந்த தரைவிரிப்பைப் பிய்த்துத் தூக்கி டார்ச் அடித்தார். பெடல்களிலிருந்தும் ஸ்டியரிங் பொத்தான்களிலிருந்தும் வருகிற வயர்க் கட்டு அங்கே அடியில் ஓடியது. தொழிற்சாலையில் யாரோ அதைக் கிளிப்பில் சரியாக மாட்டாமல் விட்டிருக்கிறார்கள். சீட் ஓடும் இரும்புத் தண்டின் முனை அதன்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. மேலுறை தேய்ந்துபோய்ச் செம்பு பளிச்சென்று தெரிந்தது, ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டு.

கம்பியைத் தூக்கிச் சீட்டை ஒரே ஒரு பல் பின்னால் தள்ளினார். இரும்பு வயரை விட்டு விலகியது. வயர்கள் பிரிந்தன.

ஒரே ஒரு பல். கடைசிப் பல்லில் உட்கார்ந்தால் மட்டும் வருகிற கோளாறு. அந்தம்மா சொன்னது அத்தனையும் உண்மை. ஒட்டகத்தார் சேற்றில் மண்டியிட்டபடியே அழுதார்.

பட்டறைக்குத் திரும்பும்போது மணி நாலு. வரும் வழியில் சீட் நகரவில்லை. சூப்பர்வைசரைக் கையைப் பிடித்து இழுத்துப் போய் வயரைக் காட்டினார். அவர் குனிந்து பார்த்தார், முகம் வெளுத்தது, நிமிர்ந்தபோது முகம் பழையபடி ஆகியிருந்தது.

"இதை யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல."

"நல்லது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு வயரை மாத்தச் சொல்லு. கிளிப்பைச் சரியா மாட்டச் சொல்லு. அந்தப் பொண்ணு பத்திரமா வீட்டுக்குப் போகணும், அதானே வேணும்? போகும்."

"டாக்டரம்மா பேர்ல தப்புன்னு எழுதியிருக்காங்களே."

"போனவங்க திரும்பி வந்து கேக்கப் போறாங்களா?" சூப்பர்வைசர் குரலைத் தாழ்த்தினார். "மூணும் உன் கையெழுத்து. வேலை போறதோட முடியாது, உன்னை உள்ள வெச்சிருவாங்க. ரெண்டு புள்ளைங்க படிக்குது இல்ல உனக்கு? யோசி."

ஒட்டகத்தார் யோசித்தார். எலக்ட்ரீஷியன் முக்கால் மணி நேரத்தில் வேலையை முடித்தார். வெட்டி எடுத்த பழைய துண்டைக் குப்பையில் போடப் போனவரைத் தடுத்து, ஒட்டகத்தார் அதை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். எதற்கு என்று அவருக்கே புரியவில்லை. பிறகு படிவத்தை எடுத்து 'குறை காணப்படவில்லை' என்று எழுதினார். பதினான்கு வருடம் எழுதிப் பழகிய கை, அவரைக் கேட்காமலே எழுதிவிட்டது.

சரியாக ஐந்து மணிக்கு அந்தப் பெண் வந்தாள். குடையை மடக்கிவிட்டு நிமிர்ந்தவளைப் பார்த்ததும் ஒட்டகத்தார் ஒரு அடி பின்னால் போனார். அதே உயரம். தலையைச் சாய்த்துப் பார்க்கிற அதே பார்வை.

சாவியை வாங்கிக்கொண்டாள். வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். பிறகு கிட்டே வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டாள்.

"அண்ணா, மூணு தடவையும் நீங்கதானே ஓட்டிப் பாத்தீங்க?"

"ஆமாம்மா."

"வண்டியில நிஜமாவே எதுவும் இல்லையா? அம்மா என்கிட்டயும் சொன்னாங்க, அதுவா போகுதுன்னு. நான்தான், கண்ணாடி பவரை மாத்தும்மான்னு கிண்டல் பண்ணேன். அப்பா இன்னைக்கும் அம்மா போட்டோ முன்னாடி நின்னு, பிரேக் எது ஆக்ஸிலரேட்டர் எதுன்னு தெரியாமத்தான் வண்டி ஓட்டினியான்னு கேட்டுத் திட்டுறாரு." அவள் சாவியை உள்ளங்கையில் புரட்டினாள். "சும்மா தெரிஞ்சுக்கணும், அவ்வளவுதான்."

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் சூப்பர்வைசர் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டைப் பைக்குள் வயர்த் துண்டு மார்பில் குத்தியது.

"இல்லம்மா," என்றார் ஒட்டகத்தார். "வண்டியில எதுவும் இல்ல."

அவள் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலில் ஏதோ ஒன்று அவளுக்குள் முடிந்துபோனது. கதவைத் திறந்து உட்கார்ந்தவள் லேசாகச் சிரித்தாள்.

"பரவாயில்லையே, சீட்டை எனக்குச் சரியா வெச்சிருக்கீங்க."

எலக்ட்ரீஷியன் வேலை பார்ப்பதற்காகச் சீட்டை அடியோடு பின்னால் தள்ளியிருந்தார். ஒட்டகத்தார் அதைத் தன் கண்ணால் பார்த்திருந்தார்.

இப்போது அது முன்னால், கடைசிப் பல்லில் இருந்தது.

"எறங்கும்மா," என்றார். அவள் அதற்குள் பொத்தானை அழுத்திவிட்டாள்.

இன்ஜின் சாதுவாகத்தான் தொடங்கியது. பிறகு இரைந்தது. பிறகு இன்னும் இரைந்தது. கருவிகள் தொங்கிய பலகை அதிர்ந்து ஸ்பானர்கள் கிணுகிணுத்தன. எல்லோரும் செய்துகொண்டிருந்த வேலையை விட்டுவிட்டுத் திரும்பினார்கள். அந்தப் பெண் இரண்டு கால்களையும் சீட்டின் மேல் தூக்கி வைத்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"நான் மிதிக்கலைண்ணா."

பச்சை விளக்கு எரிந்தது. எண்பத்தெட்டு.

ஒட்டகத்தார் திறந்திருந்த கதவு வழியாகக் கையை விட்டுப் பொத்தானை அழுத்திப் பிடித்தார். அணையவில்லை. வயர் புதுசு. கிளிப் புதுசு. இனி இரும்பு எதன்மேலும் ஏற முடியாது. வண்டிக்கு எதிரே பத்தடி தூரத்தில் வாடிக்கையாளர்கள் உட்காரும் அறையின் கண்ணாடிச் சுவர் இருந்தது. வண்டியை நகரவிடாத 'பார்க்' நிலையில் இருந்த கியர்க் குச்சி நடுங்கியது. அதை யாரோ மேலேயிருந்து பிடித்து, வண்டி கிளம்பும் கியருக்கு மெல்லக் கீழே இழுக்கிற மாதிரி நடுங்கியது.

கிராம்பு வாசனை அவருடைய முகத்துக்கு நேராக அடித்தது. கிட்டே குனிந்து வாய்க்குள் பார்க்கிறவர்களின் மூச்சு போல.

அப்போது அவருக்குப் புரிந்தது, என்ன கேட்கப்படுகிறது என்று.

"இருந்துச்சு," என்றார். இரைச்சலில் அது கேட்கவில்லை. "இருந்துச்சும்மா," என்று கத்தினார். "வண்டியிலதான் கோளாறு. உங்கம்மா பிரேக்கைத்தான் மிதிச்சாங்க. சீட்டைத் தள்ளாம ஓட்டிப் பாருன்னு சொன்னாங்க, நான் கேக்கல. ஒரு தடவைகூட நான் பாக்கல. பாக்காமலே கையெழுத்துப் போட்டேன்."

இன்ஜின் அடங்கியது.

பட்டறையில் மழைச் சத்தம் மட்டும் மிச்சம் இருந்தது. பத்துப் பன்னிரண்டு பேர் கேட்டுக்கொண்டு நின்றார்கள். சூப்பர்வைசர் தன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஒட்டகத்தார் பையிலிருந்து வயர்த் துண்டை எடுத்து அந்தப் பெண்ணின் உள்ளங்கையில் வைத்தார். செம்பு தெரிந்த இடத்தை அவள் விரலால் தடவித் தடவிப் பார்த்தாள்.

"அம்மா தப்பு இல்ல," என்றாள், யாரிடமும் இல்லாமல். பிறகு வெகு நேரம் அழுதாள்.

அழுது முடித்ததும் இறங்கி வந்து படிவத்தைக் கேட்டாள். அவர் எழுதியிருந்த வரியை அடித்துவிட்டுப் புதிதாக எழுதச் சொன்னாள். அவர் எழுதினார். பழைய படிவங்களையும் கொண்டுவரச் சொன்னாள்.

"அம்மா மூணு தடவை வந்தாங்க. மூணுலயும் எழுதுங்க."

எழுதினார். ஒவ்வொன்றின் கீழும் தேதி போட்டு, முழுப் பெயரையும் எழுதினார். அந்தப் பெயரைப் பட்டறையில் பலர் அன்றைக்குத்தான் முதல் முறையாகப் பார்த்தார்கள்.

விசாரணையை மறுபடி திறந்துவிட்டார்கள். அது முடியும் வரை ஒட்டகத்தாரை வேலையை விட்டு அனுப்ப முடியாது, அனுப்பினால் சாட்சியை விரட்டிவிட்டதாக ஆகும் என்று யாரோ யோசனை சொல்ல, அவர் அதே இடத்தில் அதே வேலையைப் பார்த்தார். ஒரே ஒரு மாற்றம்தான். எந்த வண்டியில் ஏறினாலும் இப்போது சீட்டைத் தொடுவதில்லை. குட்டையான ஆட்களின் வண்டியில் முட்டி இரண்டையும் காதுப் பக்கம் வைத்துக்கொண்டு, அவர் புறவழிச் சாலைக்குப் போவதைப் பார்த்துப் பட்டறையில் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். ராத்திரி வீட்டில் முட்டிக்குத் தைலம் தேய்த்துவிடும் மனைவி மட்டும் சிரிப்பதில்லை.

மூன்று வாரம் இப்படிப் போனது.

நாலாவது வாரம் ஒரு காலை வேளை. நல்ல வெயில். ஒரு தாத்தா தன் சின்னக் காரைக் கொண்டுவந்து விட்டிருந்தார். வேறு வண்டி, வேறு நிறம். ஆக்ஸிலரேட்டரை விட்டாலும் வண்டி கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டே இருக்கிறதாம். தாத்தாவும் குட்டையானவர்தான். சீட் நன்றாக முன்னால் இருந்தது. ஒட்டகத்தார் மடங்கி உள்ளே உட்கார்ந்தார். முட்டியில் பழைய காயம் இடிபட்டு, வலியில் உயிர் போனது.

ஒரு பல், என்று நினைத்தார். ஒரே ஒரு பல் பின்னால் தள்ளிக்கொண்டால் என்ன ஆகிவிடப் போகிறது? பதினான்கு வருடப் பழக்கம். நினைத்து முடிப்பதற்குள் கை தானாகச் சீட்டுக்கு அடியில் போய்க் கம்பியைத் தேடியது.

விரல்களில் இரும்பு தட்டுப்படவில்லை.

மெல்லிய ரப்பர் கையுறை போட்ட ஒரு சின்னக் கை, கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு அங்கே முன்பே இருந்தது.